நனைந்த காலுறை

பனிமலைச் சரிவில் ஒற்றைக் காலோடு பாய்ந்து இறங்கும் பனிச்சறுக்கு வீரர்களை டி.வி.யில் பார்த்திருப்பீர்கள். கைக்கோலின் நுனியிலும் ஒரு குட்டிச் சறுக்குப் பலகை இருக்கும். நம் தாம்பரத்தில் பனி இல்லை. ஆனால் அந்தத் துணிச்சல் தமிழ்நாட்டில் உண்டு.

சேலம் மாவட்டம் பெரியவடகம்பட்டி மாரியப்பன் தங்கவேலுவுக்கு ஐந்து வயதில், பள்ளிக்கூடம் போகும் வழியில், பஸ் ஏறி வலது கால் நசுங்கியது. அம்மா சரோஜா காய்கறி விற்றுப் பிள்ளைகளை வளர்த்தார். பள்ளியின் உடற்கல்வி ஆசிரியர்தான் மாரியப்பனை உயரம் தாண்ட அழைத்தார். 14 வயதில், உடல் குறையில்லாத மாணவர்களோடு மோதி இரண்டாம் இடம்!

2016 ரியோ பாராலிம்பிக்கில் 1.89 மீட்டர் தாண்டித் தங்கம். பிறகு டோக்கியோவில் வெள்ளி, பாரிஸில் வெண்கலம். என்னைக் கேட்டால், டோக்கியோ வெள்ளிதான் பெரிது. அன்று மழை. பாதிக்கப்பட்ட காலில் போட்டிருந்த காலுறை நனைந்து, தாண்டுவதே சிரமமாகிவிட்டது. அப்படியும் 1.86 மீட்டர்!

தாம்பரம், பல்லாவரம், வண்டலூர் பக்கத்து ஆசிரியர்களே, பெற்றோர்களே, விளையாட்டு பீரியடில் கால் ஊனமுள்ள பிள்ளையைப் புத்தகப் பைகளுக்குக் காவலாக உட்கார வைக்காதீர்கள். மைதானத்தில் இறக்கி விடுங்கள்.