போ என்னாமல் வா என்போம்

(நமது ஆலயப் பொன்விழாவையொட்டி நடைபெற்ற பெற்றோர் கூட்டத்தில் பங்குத் தந்தை ஆற்றிய உரை)





‘பிள்ளை வளர்ப்பில் பெற்றோரின் கடமை’ என்னும் பொருள்பற்றிப் பேசுமாறு விழாக் குழுவினர் நம்மைக் கேட்டுக்கொண்டனர். கடமைகளை ஒன்று, இரண்டு, மூன்று என அடுக்கிச் சொல்வது எளிது. ஞாயிறுதோறும் பீடத்தருகே நின்று அதைத்தானே செய்து வருகிறோம்! ஆகவே இன்று பிரசங்கம் வேண்டாம். பத்து வயதுச் சிறுவன் ஒருவன் நமக்குக் கற்பித்த பாடத்தை ஒளிவுமறைவின்றிச் சொல்லிவிட்டு அமர்கிறோம். அது அச்சத்தைப் பற்றிய பாடம்.

இங்கு வருவதற்கு முன் நாம் பணியாற்றிய பங்கில், 2017-ஆம் ஆண்டுக் கோடை விடுமுறையின்போது, பீடச் சிறுவர்களை ஒருநாள் உல்லாசப் பயணம் அழைத்துச் சென்றோம். ஆண்டு முழுதும் விடியற்காலைப் பூசைக்குத் தவறாமல் எழுந்து வந்தவர்களுக்கு அது பரிசு. சென்னைக்குத் தெற்கே கடற்கரைச் சாலையில் உள்ள ஒரு கேளிக்கைப் பூங்கா. சிறுவர் முப்பது பேர், உபதேசியார், இரண்டு இளைஞர்கள், நாம். கூடவே புளிச்சோற்றுப் பொட்டலங்கள். பேருந்தில் முதல் செபமாலை முடியுமுன்பே பிள்ளைகள் “சாமி, வந்திருச்சா? வந்திருச்சா?” என்று கேட்கத் தொடங்கிவிட்டார்கள்.

அந்தப் பூங்காவில் ஓர் இரும்புக் கோபுரம் இருந்தது. அதைச் சுற்றி இருக்கைகள். அமர்ந்தவர்களை மெல்ல மெல்ல உச்சிக்கு ஏற்றி, அங்கே சற்று நிறுத்தி, திடீரெனக் கீழே விட்டுவிடுவார்கள். பெரிய பையன்கள் ஓடிப்போய் வரிசையில் நின்றார்கள். ஒருவன் மட்டும் நகரவில்லை. அவனுடைய உண்மைப் பெயர் வேண்டாம். சவரி என்று வைத்துக்கொள்வோம். தூபக் கலசத்தை ஆட்டுவதில் அவனுக்கு நிகர் ஒருவரும் இல்லை. ஆனால் அன்று அவன் கால்கள் தரையோடு ஒட்டிக்கொண்டன.

நாம் என்ன செய்தோம் தெரியுமா? குருக்கள் வழக்கமாகச் செய்வதையே செய்தோம். அவன் முதுகில் தட்டி, “பயப்படாதே, ஆண்டவர் உன்னோடு இருக்கிறார், போ!” என்றோம்.

அவன் நம்மை நிமிர்ந்து பார்த்தான். “நீங்களும் வருவீங்களா, சாமி?” என்று கேட்டான்.

அன்பர்களே, இங்கே ஓர் உண்மையைச் சொல்லியாக வேண்டும். உயரம் என்றால் சிறு வயது முதல் நமக்கு நடுக்கம். எந்தப் பங்கிலும் மணிக்கூண்டில் நாம் ஏறியதில்லை. ஏதேனும் பழுது என்றால் உபதேசியாரை அனுப்பிவிட்டுக் கீழே நின்று அண்ணாந்து பார்த்துக் கட்டளையிடுவோம். ‘அஞ்சாதே’ என்னும் தலைப்பில் எத்தனையோ பிரசங்கம் செய்த நாம், அந்தச் சிறுவனிடம், “சாமிக்கு அங்கியோடு ஏற முடியாதப்பா” என்று சொல்லித் தப்பித்துக்கொண்டோம். அன்று நாம் அங்கி அணிந்திருக்கவில்லை! சட்டையும் கால்சட்டையுமாய் நின்றிருந்தோம். அதை அவனும் பார்த்தான், ஒன்றும் சொல்லவில்லை. தனியே போய் ஒரு வேப்பமரத்தடியில் அமர்ந்தான். மேலிருந்து இறங்கி வந்த பையன்கள், “பயந்தாங்கொள்ளி” என்று சிரித்தார்கள்.

மதிய உணவுப் பொட்டலத்தைப் பிரித்தோம், உண்ண இயலவில்லை. இராயப்பர் அன்று கோழி கூவக் கேட்டு அழுதார். நமக்குப் பையன்களின் சிரிப்பொலியே கோழி கூவியதாயிற்று. பொட்டலத்தை மூடிவைத்துவிட்டுச் சவரியிடம் போய் அமர்ந்தோம். “தம்பி, சாமி உன்னிடம் பொய் சொல்லிவிட்டேன். எனக்கும் பயம்தான்” என்றோம்.

அவன் முகம் மலர்ந்ததைப் பார்த்திருக்க வேண்டும்! “உங்களுக்குமா?” என்றான். அந்த ஒரு சொல்லிலே அவன் தோள்மேல் இருந்த பாரத்தில் பாதி இறங்கிவிட்டது. பயப்படுவது அவன் ஒருவன் மட்டுமல்ல என்று தெரிந்துவிட்டதல்லவா?

பிறகு நாங்கள் இருவரும் ஒரு காரியம் செய்தோம். கோபுரத்தின் எதிரே அமர்ந்து அரைமணி நேரம் அதை உற்றுப் பார்த்தோம். எத்தனை பேர் ஏறுகிறார்கள், எத்தனை பேர் இறங்குகிறார்கள் என்று சவரி விரல்விட்டு எண்ணினான். கணக்கு ஒவ்வொரு தடவையும் சரியாக இருந்தது! இயந்திரத்தை இயக்கும் இளைஞர் ஒவ்வொருவருடைய தோள் தடுப்பையும் தாமே இழுத்துப் பார்த்த பிறகே பொத்தானை அழுத்துகிறார் என்பதையும் கண்டுகொண்டோம். உயர அளவுப் பலகையருகே நின்று பார்த்தான். இரண்டு விரற்கடை கூடுதலாகவே இருந்தான்.

அவனுக்கு ஓர் ஐயம் மிச்சம் இருந்தது. நேரே அந்த இளைஞரிடம் போய், “அண்ணே, விழும்போது கரண்ட் போயிட்டா என்ன ஆகும்?” என்று கேட்டான். நல்ல கேள்வி! அவரும் பொறுமையாக விளக்கினார். கீழே விழும் இருக்கையைப் பிடித்து நிறுத்துவது மின்சாரமன்று, காந்தம். வலிமையான நிலைக்காந்தங்களுக்கு நடுவே உலோகத் தகடு வேகமாகக் கடக்கும்போது அத்தகட்டிலே தானாகவே ஒரு மின்னோட்டம் எழும். அது வீழ்ச்சியை எதிர்த்து நிற்கும். வேகம் எவ்வளவு மிகுதியோ, பிடிப்பும் அவ்வளவு மிகுதி. வெளியிலிருந்து மின்சாரம் வரவேண்டியதே இல்லை.

இதற்கு அடிப்படையான உண்மையை 1831-இல் மைக்கேல் பாரடே என்னும் அறிஞர் கண்டறிந்தார். வீட்டிலும் செய்து பார்க்கலாம். ஒரு வலிய காந்தத் துண்டைச் செம்புக் குழாய்க்குள் போடுங்கள். காந்தம் செம்பை இழுப்பதில்லை. ஆயினும் அத்துண்டு விழாமல், யாரோ கையில் ஏந்தி இறக்குவதுபோல மெல்ல மெல்ல இறங்கிவரும்.

சவரி கேட்டுவிட்டுத் தலையசைத்தான். “சரி சாமி, போகலாம்” என்றான். இம்முறை ‘போ’ என்று சொல்ல நமக்கு வழியில்லை. இருவரும் அடுத்தடுத்த இருக்கையில் அமர்ந்தோம்.

ஏறும்போது பேச்சில்லை. உச்சியிலே நின்றபோது ஒரு பக்கம் வங்கக் கடல் தெரிந்தது; நாம் கண்ணை மூடிக்கொண்டமையால் சவரி சொல்லித்தான் தெரியும்! பிறகு விழுந்தோம். தடையின்றி விழும் பொருள் முதல் விநாடியில் ஏறக்குறைய 5 மீட்டரும், இரண்டு விநாடி முடிவதற்குள் ஏறக்குறைய 20 மீட்டரும் இறங்கிவிடும். அப்போது அதன் வேகம் மணிக்கு 70 கிலோமீட்டர். இருக்கையும் நம்மோடு சேர்ந்தே விழுவதால் அது நம்மைத் தாங்குவதில்லை. அதனால்தான் குடல் மேலே எழும்பித் தொண்டைக்கு வருவதுபோல் தோன்றுகிறது. இவையெல்லாம் பிற்பாடு படித்து அறிந்தவை. அந்நேரத்தில் நாம் அறிந்தது, நம் கைக்குள் ஒரு சிறிய கை இருந்தது என்பது ஒன்றுதான்.

இறங்கியபின் சவரி தன் கையை நீட்டிக் காட்டினான். நமது நகம் பதிந்த தடம் நான்கு இருந்தன. “சாமி, நீங்கதான் என் கையை விடவே இல்லை” என்று சிரித்தான்.

அன்பர்களே, இந்த நிகழ்ச்சியைச் சிந்தித்தபோது இரண்டு உண்மைகள் நமக்குத் தெளிவாயின.

ஒன்று: அச்சம் முழுவதும் பகை அன்று. ஆண்டவர் நமக்குள் வைத்த காவற்காரன் அது. சாத்தான் நம் ஆண்டவரைக் கோவிலின் உச்சிக்குக் கொண்டுபோய்க் குதிக்கச் சொன்னான். வானதூதர் தாங்குவர் என்று மறைநூலையும் எடுத்துக் காட்டினான். இயேசு குதிக்கவில்லை. கடவுளைச் சோதிப்பது விசுவாசம் ஆகாது என்று மறுத்துவிட்டார். கண்மூடித் துணிவதும் துணிவன்று, கண்டதற்கெல்லாம் நடுங்குவதும் விவேகமன்று. இரண்டுக்கும் நடுவே நிற்பதுதான் மனத்திடம் என்னும் புண்ணியம் என்று புனித தோமாஸ் அக்குவினார் கற்பிக்கிறார்.

2022-ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் அமெரிக்காவின் ஒர்லாண்டோ நகரில், இத்தகைய கோபுரம் ஒன்றிலிருந்து பதினான்கு வயதுச் சிறுவன் ஒருவன் விழுந்து மாண்டான். அவனுடைய இருக்கையின் உணர்கருவி மாற்றியமைக்கப்பட்டிருந்ததால், தடுப்புக்கும் இருக்கைக்கும் இடையே அளவுக்கு மிஞ்சிய இடைவெளி இருந்தும் இயந்திரம் புறப்பட்டுவிட்டது என்று விசாரணையில் தெரிந்தது. மறு ஆண்டு அக்கோபுரத்தையே பிரித்து அகற்றினார்கள். அச்செய்தியைப் படித்தபோது சவரியின் கேள்வியை நினைத்துக்கொண்டோம். கேள்வி கேட்கும் பிள்ளையைக் ‘கோழை’ என்று அடக்காதீர்கள். அவன் அச்சத்திற்கு மறுமொழி உண்டா என்று அவனோடு சேர்ந்து தேடுங்கள். மறுமொழி கிடைக்கவில்லையென்றால் ஏறாதீர்கள். வெட்கமே இல்லை, திரும்பி வாருங்கள்.

இரண்டாவது: அச்சத்தில் இருப்பவனுக்குக் கட்டளை துணையாகாது, ஆள்தான் துணை. ஜெத்சமனித் தோட்டத்தில் நம் ஆண்டவர் இராயப்பர், யாகப்பர், அருளப்பர் மூவரையும் உடன் அழைத்துச் சென்றார். திகிலும் கலக்கமும் அவரை ஆட்கொண்டதாக மாற்கு எழுதுகிறார். தேவ சுதனே அஞ்சினார்! அஞ்சியதை மறைக்கவுமில்லை. நண்பர்களிடம் அவர் வேண்டிக்கொண்டது அறிவுரையன்று. தம்மோடு இருந்து விழித்திருக்குமாறுதான் கேட்டார். அவர்களோ தூங்கிவிட்டார்கள்.

இன்னொரு செய்தி. பாரந்தூக்கியில் ஏற மக்கள் அஞ்சிய காலத்தில், கயிறு அறுந்தாலும் தானே பிடித்துக்கொள்ளும் ஏற்பாட்டை எலிஷா ஓட்டிஸ் என்பவர் அமைத்தார். 1854-இல் நியூயார்க் பொருட்காட்சியில் அதைக் காட்டியபோது, அவர் கீழே நின்றுகொண்டு வேறொருவரை ஏற்றிவிடவில்லை. தாமே மேடைமீது ஏறி நின்று, உயரே போய், கயிற்றை வெட்டச் சொன்னார். மேடை சற்றே இறங்கி நின்றுவிட்டது. ஆயிரம் விளம்பரம் செய்யாததை அவர் ஏறி நின்ற ஒரு செயல் செய்தது.

பெற்றோர்களே! நம் பிள்ளைகளுக்குக் கோபுரங்கள் எத்தனை! கணக்குப் பரீட்சை ஒரு கோபுரம். புதிய பள்ளிக்கூடம் ஒரு கோபுரம். இருட்டு அறை, ஊசி போடும் மருத்துவர், சபை நடுவே வாசகம் வாசிப்பது, இவை ஒவ்வொன்றும் ஒவ்வொரு கோபுரம். நாமோ கீழே நின்றுகொண்டு, “போடா, இதுக்குப் போய் பயப்படலாமா? உன் வயதில் நாங்கள் எப்படி இருந்தோம் தெரியுமா?” என்கிறோம். எப்படி இருந்தோம்? நடுங்கிக்கொண்டுதான் இருந்தோம்! அதைச் சொன்னால் நம் மதிப்புக் குறையும் என்று நினைக்கிறோம். குறையாது. சவரியிடம் நாம் பொய் சொன்ன வேளையில்தான் நம் மதிப்புக் குறைந்தது.

முக்கியமான செய்தியை இறுதிக்கென வைத்திருந்தோம். அன்று இரவு திரும்பி வரும்போது பேருந்தில் பிள்ளைகள் எல்லாரும் உறங்கிவிட்டார்கள். சவரி மட்டும் எழுந்து வந்து நம் அருகில் அமர்ந்தான். “சாமி, இன்னொண்ணுக்கும் எனக்குப் பயம்” என்று தொடங்கினான். அவன் சொன்னதை இங்கே சொல்லமாட்டோம். நம்பி ஒப்படைத்த பொருள் அது. பல மாதங்களாக ஒருவருக்கும் தெரியாமல் அவன் தனியே சுமந்துவந்த சுமை என்று மட்டும் சொல்வோம். பெரியவர்கள் சிலர் தலையிட்டுச் சரிசெய்ய வேண்டிய காரியம். ஆண்டவருடைய கிருபையால் சரிசெய்யவும் முடிந்தது.

ஆனால் ஒன்றை எண்ணிப் பார்க்கிறோம். எண்ணும்போதெல்லாம் நெஞ்சு பதறுகிறது. அன்று மதியம் நாம் அந்தப் பொய்யோடு நின்றிருந்தால், இரவில் அவன் நம்மிடம் வாய் திறந்திருப்பானா? சின்னப் பயத்தைச் சொன்னதற்கே ‘போ’ என்று தள்ளியவரிடம் பெரிய பயத்தை எந்தப் பிள்ளை கொண்டுவரும்? உங்கள் மகனும் மகளும் இன்று சொல்லும் சின்னப் பயம், நாளை சொல்லவேண்டிய பெரிய பயத்துக்கு வாசற்கதவு. சிரித்து அதைச் சாத்திவிடாதீர்கள்.

நமக்கு அச்சம் அகன்றுவிட்டதோ என்று கேட்பீர்கள். இல்லை. இப்பொன்விழாவுக்காக நம் ஆலய மணிக்கூண்டைப் பழுதுபார்த்தபோது, முதன்முறையாக நாமே ஏணியில் ஏறிப் பார்த்தோம். கால்கள் நடுங்கத்தான் செய்தன. மேலே நின்ற கொத்தனார் கையை நீட்டி, “நான் இருக்கேன், வாங்க சாமி” என்றார். நடுங்கியபடியே ஏறினோம்.

அந்த ஒரு சொல்லை உங்கள் இல்லங்களுக்குக் கொண்டுபோங்கள். பிள்ளைகளிடம் ‘போ’ என்பதைக் குறைத்து, ‘வா, நான் இருக்கிறேன்’ என்பதைக் கூட்டுங்கள். நம்மோடு என்றும் இருக்கும் இம்மானுவேலாகிய ஆண்டவர் உங்கள் குடும்பங்களை ஆசீர்வதித்துக் காப்பாராக!