குடும்பத்தோடு கூத்துக்குச் செல்வோம்

குழந்தைகளை நாடகம் பார்க்க அழைத்துச் செல்லுங்கள் என்று சொன்னால், பெற்றோர் பெரும்பாலும் இரண்டு தடைகளைக் கூறுவர். ஒன்று, செலவு. மற்றொன்று, குழந்தைகள் அமைதியாக உட்கார மாட்டார்கள் என்பது. இவ்விரண்டும் எவ்வளவு தூரம் உண்மை என்பதை நேயர்களோடு சேர்ந்து சற்று ஆராய விரும்புகிறேன்.

முதலில் செலவைப் பார்ப்போம். ஐந்து பேர் கொண்ட குடும்பம் நகரத்து அரங்கிற்குச் சென்று வர, நுழைவுச் சீட்டு, பேருந்துக் கட்டணம், சிற்றுண்டி என்று கணக்கிட்டால், மாதச் சம்பளக்காரர் தயங்குவது இயல்பே. அன்றாடக் கூலி பெறுவோர் அதனை எண்ணிப் பார்க்கவும் மாட்டார். 2018ஆம் ஆண்டு ஜனவரியில், சரக்கு சேவை வரியிலிருந்து நாடகச் சீட்டுக்கு அளிக்கப்படும் விலக்கின் வரம்பு 250 ரூபாயிலிருந்து 500 ரூபாயாக உயர்த்தப்பட்டது. நல்ல செயல்தான். ஆனால் வரி இல்லாத 500 ரூபாயும் ஏழைக்கு 500 ரூபாயே அன்றோ?

ஆயின், நம் நாட்டில் நாடகம் என்பது சீட்டு வாங்கிப் பார்க்கும் பண்டமாகப் பிறந்ததன்று. வட மாவட்டங்களில் திரௌபதி அம்மன் கோயில் விழாக்களை நினைத்துப் பாருங்கள். பகலில் பாரதச் சொற்பொழிவு. இரவில் அதே கதை கூத்தாக நடைபெறும். ஊரார் தலைக்கட்டு வரி போட்டுச் செலவை ஏற்கின்றனர். வீட்டுக்கு வீடு சிறு தொகை. அதனால் எந்த வீட்டுக் குழந்தையும் பாய் விரித்து முன்வரிசையில் அமரலாம். செலவைப் பலர் தோளில் பகிர்ந்து வைக்கும் இந்த ஏற்பாட்டைவிட மலிவான அரங்கம் எங்கே உண்டு?

அங்கே குழந்தை காண்பவைதாம் எத்தனை! இருவர் பிடித்த திரைக்குப் பின்னே அரசன் பாடுகிறான். கால் சலங்கை மட்டும் கேட்கிறது. திரை விலகியதும் கண்ணாடிச் சில்லுகள் மின்னும் கட்டைகளைத் தோளிலும் தலையிலும் அணிந்து அவன் சுழன்று வருகிறான். ‘ஐயா, தாங்கள் யார்?’ என்று கட்டியக்காரன் கேலியாக வினவுகிறான். அருச்சுனன் தபசு நாளிலோ, நடிகர் உயர்ந்த தபசு மரத்தின்மேல் பாடிக்கொண்டே ஏறி, உச்சியிலிருந்து எலுமிச்சம்பழமும் திருநீறும் வீசுவார். இறுதி நாளில், படுகளத்தில் மண்ணால் செய்த துரியோதனன் நெடுநீளமாகக் கிடப்பான். பாரதம் அங்கே குழந்தை நின்று பார்க்கும் நிலத்திலேயே நடந்து முடிகிறது.

இரண்டாவது தடைக்கு வருவோம். குழந்தை ஓயாமல் பேசும், அழும் என்பர். கூத்துக் களத்தில் அது குற்றமன்று. உறக்கம் வந்தால் தாயின் மடியில் உறங்கும்; மத்தளம் உரத்தால் விழித்துக்கொள்ளும். நான் பணியாற்றிய சிற்றூரில் கூத்து நடந்த மறுநாள் வகுப்பில் பாதிப் பேர் கொட்டாவி விடுவர். ஆனால் நான்கடிச் செய்யுளை ஒப்பிக்கத் திணறிய மாணவன், விளையாட்டுத் திடலில் கட்டியக்காரனின் உரையாடல் முழுவதையும் பிசகின்றிச் சொல்லிக் காட்டுவான். அதைக் கண்டபின் உரைநடைப் பாடங்கள் சிலவற்றை உரையாடலாகப் பிரித்துக் கொடுத்தேன். பயன் கைமேல் கிடைத்தது.

பெற்றோர் செய்ய வேண்டியவை சில உண்டு. முதல் நாளே கதையைச் சொல்லி வையுங்கள். சற்று முன்னதாகவே சென்று, நடிகர்கள் முகத்திற்கு வண்ணம் தீட்டுவதை அனுமதி பெற்றுக் காட்டுங்கள். ராட்சச வேடத்தைக் கண்டு குழந்தை அஞ்சாது. விடியும் வரை இருத்தல் வேண்டும் என்பதில்லை. நள்ளிரவோடு திரும்பினாலும் போதும். நகைச்சுவை சில நேரம் எல்லை மீறும். துகிலுரிதல் போன்ற காட்சிகளும் உண்டு. எந்த இரவு என்ன கதை என்று விசாரித்துச் செல்வது நலம். கலைஞருக்கு அன்பளிப்பைக் குழந்தையின் கையாலேயே கொடுக்கச் செய்யுங்கள்.

கூத்து இல்லாத ஊரினர் என் செய்வது? நாடகத்தைப் பள்ளிக்கே வரவழைக்கலாம். கணக்குக்காக, ஒரு குழுவிற்கு 15,000 ரூபாய் ஆகும் என்று கொள்வோம். 300 மாணவர் பங்கிட்டால் தலைக்கு 50 ரூபாய். தர இயலாதவர் பங்கை மற்றவர் ஏற்கலாம். புதுச்சேரியைச் சேர்ந்த வேலு சரவணன் குழந்தைகளுக்கென்றே நாடகங்கள் நடத்தி வந்திருக்கிறார்; ‘கடல் பூதம்’ அவற்றுள் ஒன்று.

சபைகளுக்கும் ஒரு வேண்டுகோள். பழைய நாடகக் கொட்டகைகளில் தரைச் சீட்டு என்று ஒன்று இருந்தது. நாற்காலிக்கு ஒரு விலை, பெஞ்சுக்கு ஒரு விலை, தரைக்கு மிகக் குறைந்த விலை. மேடைக்கு முன்னால் ஜமக்காளம் விரித்துக் குழந்தைகளுக்கு அத்தரைச் சீட்டை மீண்டும் வழங்கலாகாதா?

இதில் குழந்தைகளின் பொழுதுபோக்கு மட்டும் அடங்கியிருக்கவில்லை. சங்கரதாஸ் சுவாமிகள் 1918இல் மதுரையில் தொடங்கிய பாலர் சபையில் டி.கே.எஸ். சகோதரர்கள் சிறுவர்களாகச் சேர்ந்து பயின்றனர். காஞ்சிபுரத்தை அடுத்த புஞ்சரசந்தாங்கலில் 2002 முதல் 2020 வரை நடைபெற்ற கட்டைக்கூத்துக் குருகுலத்தில் சிறுமியரும் சிறுவரோடு சேர்ந்து கூத்துப் பயின்றனர். நடிகரை உருவாக்க இவ்வாறு பள்ளி வைக்கலாம். நல்ல ரசிகரை உருவாக்கும் பள்ளி வீடு ஒன்றே. முன்வரிசையில் குழந்தைகள் இல்லாத கூத்துக்கு, இருபது ஆண்டு கழித்துத் தலைக்கட்டு வரி கொடுக்க யார் இருப்பார்?

ஆதலின், உங்கள் ஊருக்கு அருகில் அடுத்த பாரத விழா எப்போது என்று விசாரித்து வையுங்கள். ஒரு பாய், ஒரு போர்வை, ஒரு செம்பு நீர் போதும். குழந்தைகளை முன்னால் அமர்த்திவிட்டு, நீங்கள் பின்னால் அமருங்கள்.