பிளேட் வைத்தாச்சு, இனி கவலை இல்லையா?



சேத்தியாத்தோப்பு வழியா போகிற விக்கிரவாண்டி – கும்பகோணம் சாலையில் பைக் சறுக்கினாலும் சரி, வீட்டில் ஈரத் தரையில் கால் வழுக்கினாலும் சரி, நாம் முதலில் ஊன்றுவது கையைத்தான். உடம்பின் பாரம் முழுக்க மணிக்கட்டில் இறங்குகிறது. அங்கே எலும்பு முறிவது அதனால்தான் இவ்வளவு சகஜம்.

ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு வந்ததும், "பிளேட் வெச்சாச்சு, இனி ஒண்ணும் ஆகாது" என்று நினைக்கிறோம். பிளேட்டும் கம்பியும் எலும்பை ஒட்ட வைப்பதில்லை. குலை தள்ளிய வாழைக்கு முட்டுக் கொடுப்பது போல, எலும்பு தானாகச் சேரும்வரை நகராமல் பிடித்துக்கொள்கின்றன. அவ்வளவுதான்.

யாருக்கு எலும்பு மறுபடி விலக வாய்ப்பு அதிகம்? எலும்பு பல துண்டாக நொறுங்கியவர்களுக்கு, முறிவு மூட்டுக்குள் போனவர்களுக்கு, பக்கத்து எலும்பும் சேர்ந்து உடைந்தவர்களுக்கு. வயது அறுபதைத் தாண்டினாலும் கவனம் தேவை. மாதவிடாய் நின்ற பெண்களுக்கு எலும்பு பலம் குறைவதால், திருகாணி பிடிக்க உறுதியான இடம் கிடைக்காது.

இதெல்லாம் நம் கையில் இல்லை. ஆனால், நம் கையில் இருப்பதும் நிறைய உண்டு. பீடி, சிகரெட் எலும்பு சேர்வதைத் தாமதப்படுத்தும். சர்க்கரை கட்டுக்குள் இல்லாவிட்டால் புண்ணில் சீழ் பிடிக்கலாம். ஆபரேஷன் செய்த கையில் எண்ணெய் போட்டு உருவி விடுவதோ, நாட்டுக்கட்டு போடுவதோ கூடவே கூடாது. டாக்டர் சொல்லும்வரை தண்ணீர்க் குடத்தைத் தூக்காதீங்க, வண்டி ஓட்டாதீங்க. அதற்காக விரல்களை அசைக்காமலே வைத்திருந்தால் அவை மடங்காமல் இறுகிவிடும். தினமும் விரலை மடக்கி நீட்டுங்கள்.

முக்கியமான விஷயம், மறுபரிசோதனை. "வலி இல்லையே, எதுக்குப் போகணும்?" என்று விட்டுவிடாதீங்க. வலி இல்லாமலும் எலும்பு விலகலாம். அது எக்ஸ்ரேயில்தான் தெரியும். ஆரம்பத்திலேயே தெரிந்தால் சரிசெய்வது எளிது. கோணலாகச் சேர்ந்துவிட்டால், எலும்பை வெட்டி மறுபடி பொருத்த வேண்டி வரலாம். கரும்பு வெட்டுகிற, நாற்றுப் பறிக்கிற கைக்குப் பிடிமானம் போனால், அன்றாட வருமானமே போய்விடும். தேதியை செல்போனில் அலாரம் வையுங்கள். எக்ஸ்ரே, டிஸ்சார்ஜ் தாள்களைப் படம் எடுத்து வையுங்கள்.

விரல் மரத்துப்போதல், கட்டைவிரலைத் தூக்க முடியாமை, காய்ச்சல், சீழ், திடீர் வீக்கம் இருந்தால் அந்தத் தேதி வரை காத்திருக்க வேண்டாம், உடனே போங்கள்.

சிதம்பரம் அண்ணாமலை நகரில் உள்ள அரசு கடலூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும், கடலூர் அரசு தலைமை மருத்துவமனையிலும் எலும்பு முறிவு சிகிச்சை கிடைக்கிறது. சாலை விபத்து என்றால் 'இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48' திட்டத்தில் முதல் 48 மணி நேர சிகிச்சை இலவசம். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டு அட்டை பற்றி 1800 425 3993 என்ற கட்டணமில்லா எண்ணில் கேளுங்கள். வெளியே வர முடியாதவர்களுக்கு 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கே வந்து இயன்முறை சிகிச்சை தருகிறார்கள். ஆம்புலன்சுக்கு 108, மருத்துவ ஆலோசனைக்கு 104.

இந்த எண்களை இப்போதே செல்போனில் பதிந்துகொள்ளுங்கள். வீட்டில் யாராவது கைக்கட்டோடு இருந்தால், அடுத்த மறுபரிசோதனை எப்போது என்று இன்றைக்கே கேளுங்கள்.