ஆலய இருக்கைகளும் நாமும்

(பொன்விழா ஆயத்தப் பணிகளை முன்னிட்டு, ஞாயிறு திருப்பலிக்குப் பின் நடைபெற்ற பங்குப் பொதுக்கூட்டத்தில் பங்குத் தந்தை ஆற்றிய உரை)



பொன்விழா என்றதும் நாம் எல்லாரும் முதலில் அண்ணாந்து பார்த்தோம். கோபுரத்துக்கு என்ன வண்ணம், கொடிமரத்துக்கு என்ன மெருகு, சரவிளக்கு எத்தனை என்று பல கூட்டங்களில் பேசினோம். நல்லதே. ஆனால் ஞாயிறுதோறும் நாம் உட்கார்ந்து எழுகிற பெஞ்சுகளைக் குனிந்து பார்க்க மறந்துவிட்டோம். "பெஞ்சுக்கெல்லாம் ஒரு பிரசங்கமா, சாமி?" என்று சிலர் சிரிப்பது தெரிகிறது. சற்றுப் பொறுமையாகக் கேளுங்கள். கோவிலில் யார் எங்கே உட்காருகிறார் என்பது சிறிய காரியம் அல்ல.

பங்குப் பேரவைக்கு இரண்டு கோரிக்கைகள் வந்துள்ளன. பழைய பெஞ்சுகளை விறகுக் கடைக்குத் தள்ளிவிட்டு, நன்கொடையாளர் பெயர் பொறித்த புதுப் பெஞ்சுகள் செய்யலாம் என்பது முதலாவது. அப்படிக் கொடுக்கிற குடும்பங்களுக்குத் திருவிழா நாட்களில் முன்வரிசையில் இடம் ஒதுக்கவேண்டும் என்பது இரண்டாவது. கேட்டவர்கள் ஆலயத்தின்மீது பற்றுள்ளவர்கள், கைநிறையக் கொடுக்கிறவர்கள். ஆகவே அவர்களைக் குத்திக்காட்ட நாம் இங்கே நிற்கவில்லை. அவர்களையும் சேர்த்து உட்காரவைத்துப் பேசவே விரும்புகிறோம்.

முதலில் ஓர் உண்மை. திருச்சபையில் பெஞ்சு என்பது பிந்தி வந்த பொருள். மேலை நாடுகளிலும் ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாக விசுவாசிகள் நின்றும் முழந்தாட்படியிட்டுமே வழிபட்டார்கள். முதியோரும் நோயாளிகளும் சாய்ந்துகொள்ளச் சுவரோரம் கல்திண்ணை இருக்கும், அவ்வளவுதான். பிற்பாடு மெல்ல மெல்ல மர இருக்கைகள் வந்தன. வந்த கையோடு அவற்றைச் சொந்தமாக்கிக்கொள்ளும் ஆசையும் வந்தது. இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் பெஞ்சுகளுக்கு வாடகை வைத்தார்கள். பணமுள்ள குடும்பம் தன் பெஞ்சுக்குக் கதவு வைத்துப் பூட்டும் போட்டது! களைத்தவனுக்காக வந்த பலகை, பணக்காரனின் அறையாகிப் போனது.

நமது முன்னோரோ தரையில் அமர்ந்தார்கள். ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம். அது நமது மண்ணின் வழக்கம். இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்குப் பின், 1969-ஆம் ஆண்டில் இந்தியத் திருச்சபைக்கு அளிக்கப்பட்ட வழிபாட்டு அனுமதிகளில், காலணியைக் கழற்றித் தரையில் அமர்ந்து பலி காண்பதும் ஒன்று. எனவே பாயில் அமர்கிறவர் பெஞ்சில் அமர்கிறவருக்கு எந்த விதத்திலும் குறைந்தவர் அல்லர்.

ஆனால் தரையில் அமர்ந்த காலத்தில் எல்லாரும் சமமாய் இருந்தோம் என்று பெருமை பேசவும் நமக்கு வாயில்லை. வடக்கன்குளத்தை நீங்கள் அறிவீர்கள். அங்கே 1872-ஆம் ஆண்டில் எழுந்த திருக்குடும்ப ஆலயத்தில், ஒரே பீடத்தை நோக்கி இரண்டு கூடங்கள் கட்டினார்கள்; நடுவே சுவர். ஒரு பக்கம் வேளாளர், மறுபக்கம் நாடார். கால்சட்டையின் இரு கால்களைப் போன்ற கோவில் என்று வரலாற்றில் அதற்குப் பெயர். ஒரே அப்பத்தை உண்டவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பாராமல் உண்டார்கள். 1910-ஆம் ஆண்டில், கௌசானல் அடிகளார் காலத்தில், அந்தச் சுவர் இடிக்கப்பட்டது. அதை எதிர்த்துத் தொடுத்த வழக்கு சென்னை உயர் நீதிமன்றம் வரை போயிற்று. சாதியின் பேரால் கோவிலில் தனியிடம் கேட்டதை நீதிமன்றம் ஏற்கவில்லை. அந்நாளில் நமது விருதுநகர்ப் பகுதியும் அதே திருச்சி மறைமாவட்டத்தில்தான் இருந்தது. மதுரை மறைமாவட்டம் பிறந்தது 1938-இல். ஆகவே அது வேற்றூர்க் கதை அல்ல. நம் வீட்டுக் கதை.

செங்கல் சுவரை இடித்துவிடலாம், அன்பர்களே. பெயர்ப்பலகையால் எழும்பும் சுவரை எந்தக் கடப்பாரையால் இடிப்பது?

தூய யாக்கோபு தம் திருமுகத்தின் இரண்டாம் அதிகாரத்தில் இதைத்தான் கேட்கிறார். பொன் மோதிரம் அணிந்து வருகிறவரை நல்ல இடத்தில் உட்காரவைத்து, கந்தையோடு வருகிற ஏழையை நிற்கவைத்தால், அது என்ன நீதி என்கிறார். முதல் இருக்கைகளை விரும்பியவர்களை நம் ஆண்டவரே கடிந்துகொண்டார். இன்று நாம் கையாளும் திருப்பலி நூலின் பொதுப் படிப்பினையும், தனியாட்களுக்கு இருக்கைகளை ஒதுக்கிவைக்கும் வழக்கத்தைக் கண்டிக்கிறது.

இவ்வளவும் குருமடத்தில் படித்தவர்கள்தாம் நாங்கள். படித்தும் தவறினோம். பல ஆண்டுகளுக்கு முன் வேறொரு பங்கில் உதவிப் பங்குத் தந்தையாய் இருந்த காலம். தேர்த் திருவிழாவன்று உபயதாரர்களுக்காக முன்னால் நான்கு பெஞ்சுகளுக்குக் கயிறு கட்டினோம். கட்டச் சொன்னது நாமே. வேறு யாரையும் குறை சொல்வதற்கில்லை. கயிறு என்ன, எழுத்து என்ன என்று அறியாத ஒரு மூதாட்டி, விடியற்காலையிலேயே வந்து அதில் அமர்ந்து செபமாலை சொல்லிக்கொண்டிருந்தார். தீப்பெட்டி ஆபீசில் குச்சி அடுக்கி அடுக்கி முதுகு வளைந்தவர். "ஆத்தா, அங்கிட்டுப் போய் இருங்க" என்றோம். மறுபேச்சுப் பேசவில்லை. எழுந்துபோய்ப் பின்னால் தூணடியில் தரையில் அமர்ந்தார். அடுத்த ஞாயிறு கயிறு இல்லை. ஆனாலும் அவர் தூணடியிலேயே அமர்ந்தார். நாம் போய் அழைத்தபோது, "இருக்கட்டும் சாமி, எனக்கு இதுதான் தோது" என்றார். அந்தப் பங்கை விட்டு மாற்றலாகும் வரை அவர் பெஞ்சுக்குத் திரும்பவே இல்லை. கயிற்றை ஒரு நிமிடத்தில் அவிழ்த்துவிட்டோம். அந்த ஒரு சொல்லை இன்னும் அவிழ்க்க முடியவில்லை.

நம் மக்களைச் சற்று எண்ணிப் பாருங்கள். பட்டாசு ஆலையிலும் தீப்பெட்டி ஆபீசிலும் நாளெல்லாம் தரையில் சம்மணமிட்டு வேலை செய்கிறவர்கள். பருப்பு மில்லிலும் எண்ணெய் மில்லிலும் மூட்டை சுமக்கிறவர்கள். ஐம்பது வயதுக்குள் முழங்கால் தேய்ந்துவிடுகிறது. வாரம் முழுவதும் தரையில் இருந்தவருக்கு, ஆண்டவர் வீட்டிலாவது முதுகு சாய ஒரு பலகை வேண்டாமா? சனிக்கிழமை மாலைத் திருப்பலிக்குச் சிலர் ஆலையிலிருந்து நேரே வருகிறார்கள். கையிலும் கழுத்திலும் அலுமினியப் பவுடர் மின்னுகிறது. பெஞ்சில் கறை படியுமே என்று கடைசியில் போய் நின்றுகொள்கிறார்கள். 2012-ஆம் ஆண்டு செப்டம்பர் 5-ஆம் நாள் முதலிப்பட்டியில் 30-க்கும் மேற்பட்டோரையும், 2021-ஆம் ஆண்டு பிப்ரவரி 12-ஆம் நாள் அச்சன்குளத்தில் 20-க்கு மேற்பட்டோரையும் பலிகொண்ட வெடிவிபத்துகளை நாம் மறக்கவில்லை. உயிரைப் பணயம் வைத்து உழைக்கிற மக்கள், பலகை அழுக்காகுமே என்று அஞ்சி நிற்பதா? பலகையைத் துடைத்துவிடலாம். அதற்குத்தானே துணி இருக்கிறது!

இனி, நமது பழைய பெஞ்சுகளின் செய்திக்கு வருவோம். அவற்றைக் கழிப்பதற்குமுன் அனுபவமுள்ள ஓர் ஆசாரியை அழைத்துக் காட்டினோம். அவர் ஒவ்வொன்றையும் புரட்டிப் போட்டு, உளியின் பிடியால் தட்டித் தட்டிக் கேட்டார். "சாமி, காலுதான் போச்சு. பலகை பூராவும் வைரம் பாஞ்ச தேக்கு. இந்த மரத்த இன்னைக்கு வாங்கணும்னா சொத்த விக்கணும். காலை வெட்டி ஒட்டுப்போட்டாப் பேரன் காலம் வரைக்கும் கெடக்கும்" என்றார். நாம் செத்ததென்று நினைத்ததை அவர் நோயாளி என்று கண்டார். 24 பெஞ்சுகளில் மூன்றுதான் தேறாதவை.

கால்கள் ஏன் போயின? குற்றம் நம்முடையது. தரையை வாளி வாளியாய்த் தண்ணீர் ஊற்றிக் கழுவுகிறோம். மரத்தின் வெட்டு முனை திரி எண்ணெயைக் குடிப்பதுபோல் ஈரத்தைக் குடிக்கும். ஈரம் கண்ட இடத்தில் அடிக்கால் மக்கும்; கரையானும் தேடிவரும். போதாததற்குச் சுவரை ஒட்டிப் பெஞ்சைப் போட்டுக் கரையானுக்குப் பாலமும் கட்டிக் கொடுத்தோம். இன்னொரு பகை உளு. தேக்கின் வைரப் பகுதியை அது எளிதில் தொடாது. வெளிறான பகுதியைக் குடைந்துபோகும். பெஞ்சின் அடியில் மாவு போன்ற தூள் கொட்டிக்கிடந்தால் அன்றே பேரவையிடம் சொல்லுங்கள். கரிசல் தூசியும் லேசானதல்ல. உட்காரும்போதெல்லாம் உப்புத்தாள் போலப் பலகையின் மெருகை அது தேய்க்கிறது.

ஆகவே செய்யப்போவது இது. உளுத்த அடிக்கால்களை நல்ல மரம் வரை வெட்டி, சரிவாக ஒட்டுப்போட்டு, புதுத் தேக்குக் கால் பொருத்தப்படும். ஆட்டம் கண்ட மூட்டுகளில் இரும்பாணி அடித்து முடுக்கக்கூடாது. ஆணி துருப்பிடித்து மரத்தைப் பிளக்கும். கழுந்தைக் கழற்றி, பழைய பசையைச் சுரண்டி, புதிதாய்ப் பசையிட்டு மர ஆணி அடிக்க வேண்டும். கால்களுக்கு அடியில் ரப்பர் கட்டைகள் வரும். பிறகு இழைத்து, உப்புத்தாள் போட்டு, மக்கு வைத்து, அரக்கு மெருகு ஏற்றப்படும். முழந்தாட்படியிடும் பலகைகளில் வெயிலுக்கு வெடித்துப்போன ரெக்சினை மாற்றி மெத்தென்று தைக்கப்படும். தேறாத மூன்றின் பலகைகளையும் வீணாக்கோம். அவை மற்றவற்றுக்கு ஒட்டுமரமாகும்.

மெருகுக்கு அவசரப்படாதீர்கள். ஒருமுறை ஐப்பசி அடைமழையில், திருவிழாவுக்கு மூன்றே நாள் இருக்கையில், ஒரு கோவிலில் வார்னிஷ் அடித்தோம். அது காயவே இல்லை. பிரசங்கம் முடிந்து விசுவாசப் பிரமாணத்துக்கு எழுந்தபோது, சட்டையும் புடவையும் பெஞ்சோடு சேர்ந்து விசுவாசம் அறிக்கையிட்டன! இம்முறை பங்குனி வெயிலிலேயே வேலையை முடித்துவிடுவோம்.

நெருப்பைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஸ்பிரிட்டும் டர்ப்பன்டைனும் எளிதில் தீப்பற்றுபவை என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. ஆனால் ஆளிவிதை எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டிப் போட்டால், அது தீப்பொறி இல்லாமலே உள்ளுக்குள் சூடேறித் தானாய்ப் பற்றிக்கொள்ளும். அத்துணிகளைத் திறந்த வெளியில் விரித்துக் காயவிட வேண்டும், அல்லது தண்ணீரில் போட்டுவிட வேண்டும். வேலை நடக்கும் நாட்களில் கோவிலுக்குள் மெழுகுதிரி வேண்டாம்.

இனிமேல் பராமரிப்பு. ஈரத் துணி வேண்டாம். உலர்ந்த மெல்லிய துணி போதும். தரையைப் பிழிந்த துணியால் மட்டும் துடையுங்கள். மெழுகு சிந்தினால் கத்தியால் சுரண்டாதீர்கள். பனிக்கட்டி வைத்து இறுகவிட்டு, மரச்சில்லால் தட்டி எடுங்கள். பெஞ்சை இழுக்காதீர்கள், இருவர் சேர்ந்து தூக்குங்கள். மறைக்கல்விச் செல்வங்களே, காம்பஸ் முனையால் உங்கள் பெயரைப் பலகையில் எழுதவேண்டாம். உங்கள் பெயர் ஞானஸ்நானப் பதிவேட்டில் அழகாகவே எழுதப்பட்டிருக்கிறது.

பெரியவர்களுக்கும் அதையே சொல்கிறோம். எந்தப் பெஞ்சிலும் எவர் பெயரும் வராது. கொடுத்தவர்களின் பெயர்கள் ஒரு பதிவேட்டில் இருக்கும். நவம்பர் மாதம் இறந்தோர் நினைவுத் திருப்பலியில், அக்குடும்பங்களில் இறந்தோரின் பெயர்களோடு, ஒரு ரூபாயும் கொடுக்க வழியின்றி ஆலை விபத்தில் மாண்டுபோனவர்களின் பெயர்களும் சேர்த்தே வாசிக்கப்படும். பெஞ்சுகளுக்கு எண்கள் மட்டும் உண்டு. ஒவ்வோர் அன்பியத்துக்கும் சில எண்கள். அவை உட்காருவதற்காக அல்ல, துடைப்பதற்காக! தான் துடைத்த பெஞ்சில் இன்னொருவர் உட்காருவதைக் கண்டு மகிழப் பழகுவோம்.

முன்னால் பீடத்தருகே பாய் விரித்திருக்கும்; தரையில் அமர விரும்பும் யாவரும் அமரலாம். அதை அடுத்த முதல் இரண்டு பெஞ்சுகள் முதியோருக்கும் முழங்கால் நோயுள்ளோருக்கும். இது ஒதுக்கீடு அல்லவா என்று கேட்பீர்களானால், ஆம், களைப்புக்குச் செய்யும் ஒதுக்கீடு. பெஞ்சு பிறந்ததே அதற்காகத்தான்.

அன்பர்களே, இந்த ஏற்பாட்டை உத்தரவாகச் சொல்லி முடிக்க எங்களுக்கு மனமில்லை. கோரிக்கை வைத்த குடும்பத்தாரே எழுந்து ஒப்புதல் தந்தால் அதுவே இந்தப் பொன்விழாவின் முதல் காணிக்கை. நம் ஆண்டவரை நாசரேத்து ஊரார் தச்சர் என்றே அறிந்திருந்தார்கள். எத்தனையோ வீடுகளுக்கு அவர் மரவேலை செய்திருப்பார். ஒன்றிலாவது தம் பெயரைப் பொறித்தார் என்று நாம் கேட்டதில்லை.

சனிக்கிழமை மாலை ஆலையிலிருந்து வருகிற சகோதரி, கை மின்ன, தயக்கமின்றி முன்னே வந்து அமர்கிற நாளே நமக்குப் பொன்விழா நாள். அந்த நாளை நமக்கு அருள, தச்சரான தூய சூசையப்பர் வழியாக மன்றாடுவோம். இறைவன் உங்கள் அனைவரையும் ஆசீர்வதிப்பாராக!