கேசட்டுக்குள்ளே நம்ம வீட்டுக் காலம்

(பட்டிமன்றத் தலைப்பு: பழைய டி.வி. பதிவுகளைத் தேடிச் சேர்ப்பது பொழுதுபோக்கா, பொறுப்பா? "பொறுப்பே" என்ற அணியில் ஓசூர்ப் பேச்சாளர் பேசியது.)



எதிரணி அக்கா ஒரு கேள்வி கேட்டாங்க. "ராமாயணம் கார்ட்டூன் படம் 2025 ஜனவரியில தியேட்டருக்கே வந்தாச்சு. பளபளன்னு 4கே தரம். தமிழ்லயே பேசுது. இதுக்கப்புறமும் பூஞ்சை பிடிச்ச கேசட்டைத் தேடி அலையறவனுக்கு வேற வேலை இல்லையா?"ன்னாங்க. நீங்களும் கை தட்டினீங்க. நல்ல கேள்விதான். நான் பதில் சொன்ன பிறகு அதே கை எனக்கும் தட்டணும். (சிரிப்பு)

ஐயா, அந்தப் படம் எது? ஜப்பான்காரர் யூகோ சாகோவும், நம்ம நாட்டு ராம் மோகனும், கோயிச்சி சசாகியும் சேர்ந்து இயக்கினது. 1992ல முடிஞ்சது. 1993 ஜனவரியில டெல்லித் திரைப்பட விழாவில காட்டினாங்க. கம்ப்யூட்டர் வரைஞ்ச படம் இல்லீங்க, மனுஷன் கையால வரைஞ்சது. ஏறத்தாழ ஒரு லட்சம் சித்திரம்! இந்தியில அதுக்குக் குரல் கொடுத்தது யாரு? ராமனுக்கு அருண் கோவில், 1987ல தூர்தர்ஷன்ல ராமனா வந்து நம்மைக் கும்பிட வெச்ச அதே மனுஷர். ராவணனுக்கு அம்ரீஷ் பூரி. கதை சொல்றவர் சத்ருகன் சின்ஹா. தியேட்டர்ல பார்த்தவங்களைவிட, பிற்பாடு வீட்டு டி.வி.யில பார்த்து மயங்கினவங்கதான் அதிகம்.

2025ல வந்தப்ப இந்தியில புதுக் குரல். தப்புன்னு சொல்லலை. ஆனா ஒண்ணு, அம்ரீஷ் பூரி 2005லயே காலமாயிட்டார். சித்திரத்தைத் துடைச்சுப் புதுசாக்கலாம். அந்த ராவணச் சிரிப்பை எங்கே போய்க் கூப்பிடுவீங்க? பழைய பதிவுகிட்டதான் போகணும்! (கைதட்டல்)

ஆக, நான் சொல்ல வந்தது இவ்வளவுதான் நடுவர் அவர்களே. படம் என்பது ஒண்ணு, ஒளிபரப்பு என்பது இன்னொண்ணு. படம் அதை எடுத்தவங்களோடது. ஒளிபரப்பு, அதைப் பார்த்த நம்மளோட காலம்.

ஜங்கிள் புக் ஞாபகம் இருக்கா? ஜப்பான்ல 1989ல வந்த தொடர். 1993ல தூர்தர்ஷன்ல வந்தப்ப குல்சார் பாட்டு எழுதினார், விஷால் பரத்வாஜ் இசை போட்டார், ஷேர்கான் புலிக்கு நானா படேகர் உறுமினார். ஓசூர்ல தமிழ் பேசுற வீடு, தெலுங்கு பேசுற வீடு, கன்னடம் பேசுற வீடு, எல்லா வீட்டுப் பிள்ளையும் அர்த்தம் தெரியாமலே அந்த இந்திப் பாட்டைப் பாடிச்சு. ஜப்பான்ல இருக்கிற மூலப் பிரதியில அந்தப் பாட்டு இருக்குமா? இருக்காது! தூர்தர்ஷன் வெச்சிருந்தது. அதனால 2020 ஊரடங்குல மறுபடி போட முடிஞ்சது.

"அப்போ சேனல்காரங்க பத்திரமா வெச்சிருக்காங்கல்ல, நீ எதுக்கு?"ன்னு எதிரணி அண்ணன் துள்ளுவார். துள்ளாதீங்க. உங்க வீட்டுப் பேரப்பிள்ளை பார்க்குதே டோரேமான், அது 1979ல தொடங்கின தொடரோட வழி. அதுக்கு முன்னாடியே 1973ல ஒரு டோரேமான் ஜப்பான் டி.வி.யில வந்தது. எடுத்த கம்பெனி அந்த வருஷமே மூடிப் போச்சு. அதோட பெரும்பகுதி இன்னிக்கு யாருக்கும் கிடைக்கலை. ஜப்பான்காரனுக்கே இந்தக் கதி!

லண்டன் பி.பி.சி. என்ன பண்ணினாங்க? டேப் விலை அதிகம்னு "டாக்டர் ஹூ" தொடரோட பழைய பாகங்களை அழிச்சாங்க. ஆனா அந்தக் காலத்துலயே சில ரசிகர்கள் டேப் ரெக்கார்டர்ல வசனத்தைப் பதிவு பண்ணி வெச்சிருந்தாங்க. படம் போச்சு, ஒலி தங்கிச்சு. 2016ல அந்த ஒலிக்கு மேல புதுசாக் கார்ட்டூன் வரைஞ்சு, தொலைஞ்சு போன ஒரு கதையையே திருப்பிக் கொண்டுவந்தாங்க. ஒரு நிறுவனம் அழிச்சதை ஒரு வீட்டு அலமாரி காப்பாத்திச்சு ஐயா! (கைதட்டல்)

நடுவர்: அதுக்காகக் கிடைச்ச கேசட்டையெல்லாம் பொக்கிஷம்னு சொல்லலாமா?

கூடாதுங்க ஐயா. சிப்காட்ல வேலை பார்க்கிற எங்க ஊர்க்காரங்களுக்குத் தெரியும், வந்த பீஸையெல்லாம் ஓகே போட்டு அனுப்ப மாட்டோம். கேசட்டையும் சோதிச்சுத்தான் எடுக்கணும்.

முதல்ல மூடியைத் தூக்கி நாடாவைப் பாருங்க. வெள்ளையாப் பூத்திருந்தா அது பூஞ்சை. அப்படியே டெக்குல போட்டா டெக்கும் கெடும், அடுத்து போடுற கேசட்டுக்கும் பரவும். விவரம் தெரிஞ்சவர்கிட்ட சுத்தம் பண்ணக் கொடுங்க.

ரெண்டாவது, நேரம். 135 நிமிஷப் படம் கேசட்டுல 130 நிமிஷம்கூட ஓடலை; "அஞ்சு நிமிஷம் வெட்டிட்டான்"னு கூப்பாடு போடக் கூடாது. சினிமாவுல வினாடிக்கு 24 படம், நம்ம டி.வி.யில 25. அந்தக் கணக்குல வேகமா ஓட்டிப் பதிவு பண்ணியிருந்தா நூத்துக்கு நாலு நிமிஷம் தானாவே குறையும், குரலும் கொஞ்சம் கீச்சுன்னு ஏறும். அதைக் கழிச்சப்புறமும் குறைஞ்சாத்தான் வெட்டு.

மூணாவது, ஓரம். அகலமான படத்தைச் சதுர டி.வி.க்காக ரெண்டு பக்கமும் நறுக்கியிருப்பாங்க. லட்சுமணனோட பாதி தோள்பட்டை வெளியே நிக்கும். (சிரிப்பு)

நாலாவது, அது பதிவா, பதிவைப் பார்த்துப் பண்ணின பதிவா? காப்பிக்குக் காப்பி எடுக்க எடுக்க நிறம் வழியும், கோடு நடுங்கும். ஒரே படம் மூணு வீட்டுல கிடைச்சா மூணையும் பக்கத்துல வெச்சுப் பார்க்கணும்.

அஞ்சாவதுதான் முக்கியம். நடுவுல வர்ற சோப்பு விளம்பரத்தை வெட்டி எறியாதீங்க! அந்த விளம்பரமும், அறிவிப்பாளர் சொல்ற நாளும், மூலையில இருக்கிற சேனல் முத்திரையும்தான் இது எந்த வருஷத்து ஒளிபரப்புன்னு சாட்சி சொல்லும். படம் வேற எங்கேயாவது கிடைச்சுடும். சாட்சி கிடைக்காது.

எங்க எல்லைப் பகுதிக்கு இன்னொரு சிறப்பு உண்டு. பெங்களூர் எங்களுக்கு 40 கிலோமீட்டர். ஆன்டெனாவைப் பெங்களூர் பக்கம் திருப்பி வெச்சா கன்னட நிகழ்ச்சி, அப்புறம் டெல்லி இந்தி. டிஷ்ஷும் கேபிளும் வந்தப்புறம் தமிழ், தெலுங்கு. சென்னை வீட்டுக் கேசட்டுல இல்லாதது ஓசூர் வீட்டுக் கேசட்டுல இருக்கலாம். நாங்க தேடாம வேற யார் தேடுவாங்க?

"அடுத்தவன் படத்தைச் சேர்க்கிறது திருட்டு"ன்னு ஒரு குற்றச்சாட்டு. காப்பி போட்டு விக்கிறவன் திருடன்தான், நானே பிடிச்சுத் தரேன். நான் சொல்றது, குப்பைக்குப் போறதைக் காப்பாத்தி, உரிமைக்காரருக்குத் தகவல் சொல்லி, கேட்டா ஒப்படைக்கிறது. தெருவுல கிடந்த பர்ஸை எடுத்து உரியவரைத் தேடுறவனைத் திருடன்னு சொல்வீங்களா?

(நடுவர் மணி அடிக்கிறார்)

முடிச்சுடறேன் ஐயா. டைட்டன் கடிகாரம் செய்யற ஊர்க்காரன், நேரத்தை மீற மாட்டேன். (சிரிப்பு) வீடியோ டெக் செஞ்சுக்கிட்டிருந்த கடைசிக் கம்பெனி, ஜப்பான்ல ஃபுனாய், 2016 ஜூலையோட அதை நிறுத்திடுச்சு. இருக்கிற டெக் தேயுது, நாடா உதிருது, பழுது பார்க்கத் தெரிஞ்சவங்களுக்கு வயசாகுது. இந்தப் பொங்கலுக்கு வீட்டைச் சுத்தம் பண்றப்போ, பரண்ல கேசட் பெட்டி இருந்தா, பழைய இரும்புக்காரருக்கு எடை போடறதுக்கு முன்னாடி லேபிளை ஒரு தடவை படிங்க. பின்னாடி இருக்கிற சின்னப் பிளாஸ்டிக் நாக்கை உடைச்சு விடுங்க, மேல யாரும் பதிவு பண்ண முடியாது. புஸ்தகம் மாதிரி நிமிர்த்தி அடுக்குங்க.

தாத்தாவோட நிலப் பத்திரத்தைப் பாதுகாக்கிறோம், பொழுதுபோக்குன்னா செய்யறோம்? பிள்ளைங்க சிரிச்ச சிரிப்புக்கும் ஒரு பத்திரம் வேணும். அதைத் தேடுறதும், தரம் பார்த்துச் சேர்க்கிறதும் பொறுப்பே, பொறுப்பே என்று நல்ல தீர்ப்பு வழங்குமாறு கேட்டு அமர்கிறேன்.

(பலத்த கைதட்டல்)