பணம் நின்றால் பெட்டி நிற்கும்

நைஜர் நாட்டிலோ வடக்கு நைஜீரியாவிலோ ஒரு கிராமத்துச் சுகாதார நிலையத்துக்குத் தாய் ஒருத்தி மெலிந்துபோன குழந்தையைத் தூக்கிக்கொண்டு வருகிறாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அங்கே இருக்கும் ஊழியர் முதலில் எடுப்பது ஒரு நாடா. அதைக் குழந்தையின் மேற்கையைச் சுற்றிப் போட்டு மெல்ல இழுக்கிறார். நாடாவில் பச்சை, மஞ்சள், சிவப்பு என மூன்று நிறங்கள். சுற்றளவு 115 மில்லிமீட்டருக்குக் கீழே போனால் சிவப்பு. ஆறு மாதத்திலிருந்து ஐந்து வயதுக்குள் இருக்கும் குழந்தைக்கு அந்தச் சிவப்பு வந்துவிட்டால், அது உயிருக்கே ஆபத்தான மெலிவு. சாதாரண வயிற்றுப்போக்கோ காய்ச்சலோகூட அந்தக் குழந்தையைக் கொண்டுபோய்விடும்.

அடுத்து அந்த ஊழியர் கட்டைவிரலால் குழந்தையின் இரண்டு பாதங்களையும் சற்று நேரம் அழுத்திப் பார்ப்பார். விரலை எடுத்த பிறகும் குழி அப்படியே நின்றால் நீர் கோத்திருக்கிறது என்று பொருள். அதன் பிறகு ஒரு சிறு பாக்கெட்டின் மூலையைக் கிழித்துத் தாயிடம் கொடுப்பார். தாய் அதைப் பிதுக்கிப் பிதுக்கி ஊட்ட வேண்டும். குழந்தை சப்புக்கொட்டித் தின்றால், வேறு சிக்கலும் இல்லையென்றால், வீட்டிலேயே சிகிச்சை. வாயைத் திருப்பிக்கொண்டால் மருத்துவமனை. பசி இருக்கிறதா என்பதுதான் அங்கே பெரிய பரிசோதனை.

அந்தப் பாக்கெட்டில் இருப்பது நிலக்கடலைப் பசை, பால் பவுடர், சர்க்கரை, எண்ணெய், அதோடு தேவையான வைட்டமின்களும் தாதுச் சத்துகளும். 92 கிராம் எடை, 500 கலோரி. பிரெஞ்சுக் குழந்தைநல மருத்துவர் ஆந்த்ரே பிரியான், நியூட்ரிசெட் நிறுவனத்தின் மிஷேல் லெஸ்கானோடு சேர்ந்து 1990-களின் நடுவில் இதை உருவாக்கினார். அதற்கு முன்பும் நல்ல சிகிச்சைப் பால் இருந்தது. ஆனால் அதைச் சுத்தமான தண்ணீரில் கரைக்க வேண்டும். கரைத்த பால் சீக்கிரம் கெட்டுவிடும். ஆகவே குழந்தையை வாரக்கணக்கில் மருத்துவமனையில் வைத்திருக்க வேண்டும். வீட்டில் இன்னும் மூன்று பிள்ளைகளும் விதைக்க வேண்டிய நிலமும் இருக்கும் ஒரு பெண் எப்படி அங்கே தங்குவாள்? பாதியிலேயே போய்விடுவாள், அல்லது வரவே மாட்டாள்.

பசையில் தண்ணீர் மிக மிகக் குறைவு. அதனால் கிருமி பெருகாது. குளிர்பதனப் பெட்டி வேண்டாம், அடுப்பு வேண்டாம். இரண்டு ஆண்டு வரை கெடாமல் இருக்கும். தாய் வாரத்துக்கு ஒருமுறை வந்து எடை பார்த்துவிட்டு அடுத்த வாரத்துக்கான பாக்கெட்டுகளை வாங்கிக்கொண்டு போனால் போதும். 2005-இல் நைஜரில் பஞ்சம் வந்தபோது எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பு அறுபதாயிரத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளுக்கு இந்த முறையில் சிகிச்சை கொடுத்துக் காட்டியது. 2007-இல் உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃபும் வீட்டுச் சிகிச்சை முறையை ஏற்றன. 2023-இல் இந்தப் பசை அத்தியாவசிய மருந்துகளின் உலகப் பட்டியலிலும் சேர்ந்தது.

ஒரு குழந்தை தேறிவர ஆறு முதல் எட்டு வாரம் ஆகும். அதற்கு ஏறக்குறைய ஓர் அட்டைப்பெட்டி வேண்டும். உள்ளே 150 பாக்கெட். பெட்டியின் விலை சுமார் 50 அமெரிக்க டாலர். கப்பல் கூலி, லாரி வாடகை, ஊழியர் சம்பளம் தனி. எல்லாம் சேர்த்தாலும் ஓர் உயிரைக் காக்க ஆகும் செலவில் இது மிகக் குறைந்த ஒன்று என்று தயங்காமல் சொல்வேன். உலகில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் சுமார் நாலரைக் கோடிப் பேர் மெலிவால் வாடுவதாகவும், அவர்களில் ஒரு கோடியே 37 லட்சம் பேர் கடும் மெலிவில் இருப்பதாகவும் 2022-ஆம் ஆண்டுக்கான ஐ.நா. மதிப்பீடு கூறுகிறது.

இந்தப் பெட்டிகளில் பெரும்பகுதியை வாங்குவது யுனிசெஃப். யுனிசெஃபுக்குப் பணம் வருவது அரசுகளிடமிருந்து. அதில் மிகப் பெரிய பங்கு அமெரிக்காவுடையதாக இருந்தது. 2022-இல் அந்நாட்டு உதவி நிறுவனம் இந்தப் பசைக்கென்றே 20 கோடி டாலர் அறிவித்தது. அது அமெரிக்க விவசாயிக்கும் லாபமான ஏற்பாடுதான். ஜார்ஜியா மாநிலத்து ஃபிட்ஸ்ஜெரால்டிலும் ரோட் ஐலண்டிலும் உள்ள ஆலைகள் உள்நாட்டு நிலக்கடலையையும் பால் பவுடரையும் வாங்கித்தான் இதைச் செய்கின்றன.

2025 ஜனவரி 20 அன்று புதிய அமெரிக்க அரசு வெளிநாட்டு வளர்ச்சி உதவியை 90 நாளுக்கு நிறுத்திவைத்தது. ஆலைகளுக்கு வேலையை நிறுத்தச் சொல்லி உத்தரவு போனது. சில நாளில் அது விலக்கப்பட்டது. பிப்ரவரி இறுதியில் ஒப்பந்தங்களே ரத்தாயின. சில நாளில் அவையும் மீண்டும் உயிர்பெற்றன. இதற்கிடையே ஆலைகளுக்கு வர வேண்டிய பணம் தாமதமானது, கிடங்கில் பெட்டிகள் தேங்கின. ஜூலை முதல் தேதி அந்த உதவி நிறுவனமே மூடப்பட்டது. அதே மாதம் துபாய் கிடங்கில் கிடந்த ஏறக்குறைய 500 டன் சத்து பிஸ்கட் காலாவதியாகிவிட்டது என்று எரிக்க முடிவானது. அது இந்தப் பசை அல்ல, பசியில் இருக்கும் குழந்தைகளுக்கான வேறு உணவு. ஆனால் அதை அனுப்ப ஒரு கையெழுத்துப் போதுமாக இருந்தது என்று நினைக்கும்போது எனக்கு ஆறவில்லை.

ஆகஸ்டில் 9 கோடியே 30 லட்சம் டாலரை அமெரிக்கா யுனிசெஃபுக்கு அறிவித்தது. ஹைட்டிக்கும் ஆப்பிரிக்க நாடுகள் சிலவற்றுக்கும் அந்தப் பணத்தில் பசை போகும் என்றது. நல்ல செய்திதான், மனமார வரவேற்கிறேன். ஆனால் நைஜரும் வடக்கு நைஜீரியாவும் அடங்கிய சாஹேல் பகுதியில் பழைய தானியம் தீர்ந்து புதியது விளையாத பஞ்ச மாதங்கள் ஜூனில் தொடங்கிவிடுகின்றன. வடமேற்கு நைஜீரியாவின் கட்சினா மாநிலத்தில், அந்த ஆண்டின் முதல் ஆறு மாதத்தில் தங்கள் மருத்துவ நிலையங்களில் மட்டும் 652 குழந்தைகள் இறந்ததாகவும், வேளைக்குச் சிகிச்சை கிடைக்காததே காரணம் என்றும் எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பு ஜூலையில் சொன்னது. பிரிட்டனும் தன் வெளிநாட்டு உதவியைத் தேசிய வருமானத்தில் 0.5 விழுக்காட்டிலிருந்து 2027-க்குள் 0.3 ஆகக் குறைப்பதாக அறிவித்துவிட்டது.

வெளியார் பணத்தையே நம்பியிருக்கலாமா என்ற கேள்வி நியாயமானது. இந்தியாவில் இது வேறு விதமாகவும் எழுந்தது. 2009-இல் யுனிசெஃப் பீகாரிலும் மத்தியப் பிரதேசத்திலும் இந்தப் பசையைக் கொடுத்தபோது, அனுமதி பெறவில்லை என்று மத்திய அரசு நிறுத்தச் சொன்னது. அங்கன்வாடிச் சோற்றின் இடத்தைக் கம்பெனி பாக்கெட் பிடித்துவிடும் என்ற அச்சமும் இருந்தது. அந்த அச்சத்தை நான் மதிக்கிறேன். குழந்தைகள் மெலியாமல் காக்க வேண்டியது சோறும் பருப்பும் முட்டையும்தான். ஆனால் நாடா சிவப்பைக் காட்டிய பிறகு அந்தக் குழந்தை நோயாளி. நோயாளிக்கு மருந்து வேண்டும்.

வெளியார் பணத்தை மட்டுமே நம்பாமலிருக்க, யுனிசெஃப் நடத்தும் குழந்தை ஊட்டச்சத்து நிதியத்தில் ஓர் ஏற்பாடு இருக்கிறது. ஏழை நாட்டு அரசு தன் பட்ஜெட்டிலிருந்து ஒரு டாலர் போட்டால், நிதியமும் ஒரு டாலர் போடும். அதனால் இந்தப் பசை அந்தந்த நாட்டின் மருந்துச் செலவுக் கணக்கில் ஏறுகிறது. நைஜரின் தலைநகர் நியாமேயிலேயே இதைச் செய்யும் ஆலை ஒன்று உண்டு. உள்ளூர் அரசு ஆண்டுதோறும் வாங்குமென்றால் அந்த ஆலை நிலைத்து நிற்கும். ஆனால் நைஜர் போன்ற நாடு தன் பங்கைப் போட்ட பிறகும் மீதித் தொகை பெரியது. பணக்கார நாடுகள் அதை ஆண்டுக்கு ஆண்டு யோசித்துத் தராமல், மூன்று நான்கு ஆண்டுக்குச் சேர்த்து எழுதிக் கொடுக்க வேண்டும். பணம் கைக்கு வந்த பிறகுதான் ஆலைக்கு ஆர்டர் போகும். பிறகு கப்பல், துறைமுகம், நிலம்சூழ்ந்த நாடென்றால் இன்னும் ஆயிரம் கிலோமீட்டர் லாரிப் பயணம். எல்லாவற்றுக்கும் மாதக்கணக்கில் ஆகும். ஜூனில் கிராமத்துக்குப் பெட்டி வந்து சேர வேண்டுமென்றால், முந்தைய ஆண்டு முடிவதற்குள் பணம் ஒதுக்கப்பட்டிருக்க வேண்டும்.