ஓடாத எஞ்சினுக்கும் வேலை உண்டு



மைசூரிலிருந்து நஞ்சன்கூடு போகும் சாலையில் மண்டகள்ளி என்ற ஊர் இருக்கிறது. அங்கேதான் மைசூர் விமான நிலையம். 1940-ல் மன்னர் ஆட்சிக் காலத்தில் அது அமைந்தது. 2010-ல் புதுக் கட்டடம் திறந்தார்கள்.

பறக்கும் விமானத்தை எல்லோரும் அண்ணாந்து பார்ப்பார்கள். நிற்கும் விமானத்தை யார் பார்க்கிறார்கள்? "நிற்கும் விமானத்துக்கு என்ன வந்துவிடப் போகிறது?" என்று தோன்றும். ஆனால் நிற்கும் விமானத்துக்கும் ஒரு பகை உண்டு. அந்தப் பகை நெருப்பு அல்ல, இடியும் அல்ல. வெறும் ஈரம்!

விமானங்கள் நின்றுபோன காலம்

2020-ஆம் ஆண்டு கொரோனா நோய் பரவியது. மார்ச் 25 முதல் நம் நாட்டுக்குள் பயணிகள் விமானங்கள் நின்றன. மே 25-ல்தான் மறுபடி பறக்கத் தொடங்கின. முழுதாக இரண்டு மாதம்! உலகம் முழுவதும் இதே நிலைமை. ஆயிரக்கணக்கான விமானங்கள், டெப்போவில் பஸ் நிற்பது போல வரிசையாக நின்றன.

மனிதர்களுக்கு ஊரடங்கு. பைலட்டுகளும் வீட்டில் இருந்தார்கள். ஆனால் விமான மெக்கானிக்குகள் வேலைக்கு வந்தார்கள். ஓடாத எஞ்சின்களைக் காப்பாற்றுவதுதான் அவர்கள் வேலை.

ஈரம் எப்படி உள்ளே போகிறது?

ஒரு டம்ளரில் ஐஸ் தண்ணீர் ஊற்றி வையுங்கள். சிறிது நேரத்தில் டம்ளரின் வெளிப்பக்கம் வியர்த்துவிடும். அந்தத் தண்ணீர் எங்கிருந்து வந்தது? காற்றிலிருந்து வந்தது. காற்றில் எப்போதும் ஈரம் இருக்கிறது. குளிர்ந்த உலோகத்தில் பட்டதும் அது நீர்த்துளி ஆகிறது. மைசூரில் ஊதுபத்தி உருட்டும் பெண்களுக்குக் காற்றின் ஈரம் நன்றாகத் தெரியும். மழைக்காலத்தில் பத்தி உலராமல் படுத்தும் அல்லவா?

விமான எஞ்சின் என்பது காற்றை உறிஞ்சும் பெரிய குழாய் மாதிரி. முன்னும் பின்னும் திறந்திருக்கும். ஓடும்போது உள்ளே கடும் சூடு. ஈரம் தங்காது. நின்றுவிட்டால் இரவில் உலோகம் குளிர்கிறது. உள்ளே வந்த காற்று வியர்க்கிறது. இரும்புப் பாகம் துருப்பிடிக்கிறது. அலுமினியத்தில் சிவப்புத் துரு வராது. வெள்ளையாகப் பொடி பூக்கும். அதுவும் அரிப்புதான். கடலோர ஊர்களில் காற்றில் உப்பும் சேர்ந்து வருகிறது. அங்கே அரிப்பு இன்னும் வேகம்.

ஒரு சின்ன வால்வு

கிணற்று மோட்டாரில் ஃபுட் வால்வு இருக்கிறது. ஏறிய தண்ணீர் திரும்பி இறங்காமல் அது தடுக்கும். போயிங் 737 என்ற விமானத்தின் எஞ்சினிலும் அப்படி ஒரு வால்வு உண்டு. அது காற்றைத் திரும்ப விடாமல் தடுக்கும்.

2020 ஜூலையில் அமெரிக்க விமானத் துறை ஓர் அவசர உத்தரவு போட்டது. என்ன காரணம்? இந்த வால்வு அரித்துப்போய், மூடாமல் சிக்கிக்கொண்டது. அதனால் விமானங்களில் ஒரு எஞ்சின் நின்றுபோனதாக நான்கு புகார்கள் வந்தன. மற்ற எஞ்சின் ஓடியதால் விமானம் தப்பும். ஆனால் இரண்டு எஞ்சினும் ஒரே நேரத்தில் நின்றால்? நடுவானில் மறுபடி கிளப்ப முடியாமலும் போகலாம்.

7 நாள் அல்லது அதற்கு மேல் சும்மா நின்ற அந்த வகை விமானங்களில், பறப்பதற்கு முன்பே வால்வைச் சோதிக்க வேண்டும் என்றது உத்தரவு. இந்தியாவிலும் சிவில் விமானப் போக்குவரத்துத் தலைமை இயக்குநரகம் சோதனை செய்யச் சொன்னது. பாருங்கள், நூற்றுக்கும் மேற்பட்டவர்களின் உயிர் ஒரு சின்ன வால்வில் இருக்கிறது.

எப்படிக் காப்பாற்றுகிறார்கள்?

முதலில் எஞ்சினை ஆறவிடுகிறார்கள். பிறகு முன்வாயையும் பின்வாயையும் உறை போட்டு மூடுகிறார்கள். மழையும் தூசியும் போகாது. குருவியும் கூடு கட்டாது. மைசூருக்கு வரும் சிறிய ஏ.டி.ஆர். விமானத்தில் எஞ்சினுக்கு முன்னால் விசிறி இருக்கும். அதை நிறுத்தி வைக்கும்போது, காற்றில் சுழலாதபடி விசிறியையும் பட்டையால் கட்டுவார்கள்.

நீண்ட நாள் நிற்க வேண்டுமானால், உள்ளே சிலிகா ஜெல் பைகள் வைப்பார்கள். புதுச் செருப்புப் பெட்டியில் சின்னப் பொட்டலம் இருக்குமே, அதே பொருள்தான். காற்றின் ஈரத்தை அது இழுத்துக்கொள்ளும். (அந்தப் பொட்டலத்தைக் குழந்தைகள் வாயில் போடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.) கூடவே ஓர் அட்டையும் இருக்கும். அட்டை நீலமாக இருந்தால் உள்ளே உலர்வு. இளஞ்சிவப்பாக மாறினால் ஈரம் ஏறிவிட்டது. உடனே பைகளை மாற்ற வேண்டும். எரிபொருள் போகும் பாகங்களில் பாதுகாப்பு எண்ணெய் நிரப்புவதும் உண்டு.

குறைந்த நாள் நிற்கும் விமானம் என்றால், குறித்த நாட்களுக்கு ஒரு முறை எஞ்சினை ஓட்டுவார்கள். எண்ணெய் எல்லா இடத்துக்கும் போகும். ஈரம் காய்ந்துவிடும்.

சிலர் இடத்தையே மாற்றினார்கள். சிங்கப்பூர் காற்றில் ஈரம் மிக அதிகம். அதனால் 2020-ல் சிங்கப்பூர் விமான நிறுவனம் தன் விமானங்கள் சிலவற்றை ஆஸ்திரேலியாவின் ஆலிஸ் ஸ்பிரிங்ஸ் என்ற ஊருக்கு அனுப்பியது. அது பாலைவன ஊர். காற்று உலர்ந்தது.

மறுபடி பறக்கும்முன் இன்னொரு வேலை இருக்கிறது. போட்ட உறைகளை எல்லாம் எடுக்க வேண்டும். உறைகளில் சிவப்பு நாடா தொங்கும். எத்தனை போட்டோம் என்று எழுதி வைத்திருப்பார்கள். எடுத்ததையும் எண்ணி எழுதுவார்கள். கணக்கு சரியாக வந்தால்தான் விமானம் கிளம்பும். எழுதப் படிக்கத் தெரிவது இங்கேயும் உயிர் காக்கிறது.

வீட்டில் என்ன செய்யலாம்?

உங்கள் வீட்டில் தையல் இயந்திரம் இருக்கலாம். தோட்டத்தில் டீசல் பம்புசெட் இருக்கலாம். வாசலில் ஸ்கூட்டர் நிற்கலாம். சும்மா நிற்கும் இயந்திரம் கெடாது என்று எண்ண வேண்டாம். துடைத்து, எண்ணெய் விட்டு, மூடி வையுங்கள். ஈரத் தரையில் வைக்காமல் பலகை மேல் வையுங்கள்.

ஸ்கூட்டரை ஒரு நிமிடம் கிளப்பி அணைத்தால் போதாது. எரிபொருள் எரியும்போதும் நீராவி உண்டாகிறது. எஞ்சின் நன்றாகச் சூடாகாவிட்டால் அந்த நீர் உள்ளேயே தங்கும். நன்றாகச் சூடேறும்வரை ஓட்டுங்கள். பூட்டிய அறைக்குள் மட்டும் ஓட்டாதீர்கள். புகை உயிரைக் குடிக்கும்.

கடைசி தேதியைச் சுவரில் ஒரு காகிதத்தில் எழுதி ஒட்டுங்கள். எண்ணெய் விட்டது எப்போது? ஓட்டியது எப்போது? அடுத்த முறை எப்போது? விமான மெக்கானிக் செய்வதும் இதுதான்.